முதல் வருடம் பினாங்கில்

இரண்டு கவர்களும் ஒரே நாளில் வந்தன. ஒன்று அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு. மற்றது தர்மபுரி கடைவீதியில் என் தோழியின் அப்பா, அவள் அத்தா என்று கூப்பிடுகிறவர், நடத்திவந்த இரும்புக்கடைக்கு. எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் இருவரும் தர்மபுரியில் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருந்தோம். ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குள் புதிதாக வந்திருந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்தே விண்ணப்பம் போட்டிருந்தோம். அங்கே கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதுதான் காரணம். அந்தச் சொல்லைத் தவிர அதைப் பற்றி எங்களுக்கு வேறொன்றும் தெரியாது.

எனக்கு இடம் கிடைத்திருந்தது. அவளுக்கும் கிடைத்திருந்தது. ஆனால் அவள் கவரில் கூடுதலாக ஒரு தாள் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட சில மாணவர்கள் முதல் வருடத்தை மலேசியாவில், பினாங்கில் இருக்கும் சகோதரக் கல்லூரியில் படிப்பார்கள், இரண்டாம் வருடம் இங்கே வந்து சேர்ந்துகொள்வார்கள், அந்தச் சிலரில் நீங்களும் ஒருவர், வாழ்த்துகள் என்று அதில் இருந்தது.

என் அப்பா அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். பென்னாகரம் ரோட்டிலோ பாலக்கோடு ரோட்டிலோ ஏதாவது ஒரு புளியமரத்தடியில் நின்று கைகாட்டி பஸ்ஸை நிறுத்தி ஏறுவார். டிக்கெட்டை நீட்டுகிற கைகளை அவர் பெரிதாகக் கவனிக்க மாட்டார். அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே யார் பார்க்கிறார்கள் என்றுதான் கவனிப்பார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விட்டதில்லை. என் கடிதத்தைக் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றபடி இரண்டு தடவை படித்தார். தோழியின் கவரில் இருந்ததையும் நான் சொன்னேன்.

"அந்தப் புள்ள மார்க்கு ஒன்னுதவிட ஜாஸ்திதான?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அப்ப வெளிநாடு அனுப்பறது பரிசா, தண்டனையா? பரிசுன்னா சரி. இல்லன்னா, கம்மி மார்க்கு வாங்கின ஒன்ன பக்கத்துல வெச்சிக்கிட்டு, ஜாஸ்தி வாங்கின புள்ளைய எதுக்குக் கடலுக்கு அந்தாண்ட தள்றாங்க?"

அம்மா அதற்குள் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டிருந்தாள். சீட்டு கிடைத்த அன்றைக்காவது இந்த மனுஷன் பஸ்ஸை விட்டு இறங்கக் கூடாதா என்று முணுமுணுத்தாள். ஆனால் அப்பா கேட்ட கேள்வி எனக்குள்ளும் இறங்கிவிட்டது. அந்தக் காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லூரிகள் என்றாலே டொனேஷன் என்றுதான் எங்கள் ஊரில் பேச்சு. எங்களிடம் யாரும் அப்படி எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது அப்பாவின் அடுத்த கேள்வியாக இருந்தது.

நேர்முகத் தேர்வை நான் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். சேலத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்தது அது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். கணக்கிலோ பௌதிகத்திலோ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்பா என்ன வேலை, வீடு சொந்தமா, வெளியூரில் தங்கிப் பழக்கமுண்டா என்றுதான் கேட்டார்கள். எனக்குப் பிறகு உள்ளே போன தோழியிடம், வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டிருக்கிறார்கள். பினாங்கில் அத்தாவின் தூரத்துச் சொந்தம் ஒருவர் மளிகைக்கடை வைத்திருப்பதாக அவள் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது அதை ஒரு வேடிக்கையாகத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் சந்தித்துக்கொள்ளவில்லை. இரண்டு வீட்டுப் பக்கமும் பேச்சு வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. எங்கள் சித்தி வந்து, இரும்புக்கடை பாய் பெரிய தொகையாகக் கொடுத்துத்தான் மகளுக்கு வெளிநாட்டு சீட்டு வாங்கியிருக்கிறார், உங்களிடம் மறைக்கிறார்கள் என்றாள். அந்தப் பக்கம், எங்கள் சர்ச் ஃபாதர் சிபாரிசு செய்து எனக்கு உள்ளூர் இடத்தைப் பிடித்துக் கொடுத்துவிட்டார், இல்லாவிட்டால் அது தோழிக்குக் கிடைத்திருக்கும் என்று பேசியிருக்கிறார்கள். எங்கள் ஃபாதருக்கு அந்தப் பல்கலைக்கழகம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. ஆனால் அதைச் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது தோழி எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். தனியாக டவுன் பஸ் பிடித்து வந்திருந்தாள். எப்போதும் தம்பியோ அம்மாவோ கூட வராமல் அவள் வந்ததில்லை.

"நேராவே கேக்கறேன். ஒங்க ஃபாதர் யாருக்காச்சும் எழுதினாரா?"

"இல்ல. ஒங்கத்தா யாருக்காச்சும் குடுத்தாரா?"

"இல்ல."

அவள் சொன்னதை நான் நம்பினேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் என்னை நம்பினாளா என்று அன்று தெரியவில்லை. உள்ளே இருந்து அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, வாம்மா, உன்னை வூட்டுல விட்டுட்டு உங்கத்தாவைப் பாத்துட்டு வரேன் என்றார்.

இரும்புக்கடையில் இரண்டு அப்பாக்களும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதுவரை அவர்கள் முகம் பார்த்திருக்கிறார்களே தவிரப் பேசியதில்லை. அடுத்த புதன்கிழமை நாலு பேரும் ஓசூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். பாய் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அப்பா லீவு போட்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, தங்களை யாரோ சேர்ந்து ஏமாற்றப் போகிறார்கள் என்கிற ஒற்றுமையில் சத்தமில்லாமல் பேசிக்கொண்டே வந்தார்கள்.

வளாகம் நான் நினைத்ததைவிடப் பெரியதாக இருந்தது. கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவில் தைல மரங்கள், வெள்ளையடித்த கட்டடங்கள், புல்வெளி, நடுவில் தண்ணீர் வராத ஒரு ஊற்று. வாயிற்காவலர் கன்னடத்தில் எங்களை விசாரித்தார். பாய் கன்னடத்திலேயே பதில் சொன்னார். பெங்களூரில் சரக்கு எடுக்கிறவர் என்பதால் அது அவருக்குத் தண்ணீர் பட்டபாடு.

பாய் நேராக அலுவலகத்துக்குப் போகலாம் என்றார். அப்பா, முதலில் சுற்றிப் பார்த்துவிடலாம் என்றார். வகுப்பறைகளில் பெஞ்சுகள் இருந்தன. கம்ப்யூட்டர் அறை என்று பலகை மாட்டிய அறை பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தோம். உறை போட்டு மூடிய பெட்டிகள் வரிசையாக இருந்தன. உறைக்குள் என்ன இருக்கிறது என்று அப்பா ரொம்ப நேரம் எட்டிப் பார்த்தார். பெண்கள் விடுதிக்குப் போனபோது அவர் நின்றுவிட்டார். கீழ்த்தளம் மட்டும் முடிந்திருந்தது. மேலே தூண்களுக்கான கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. சாரம் கட்டியிருந்தது, ஆனால் ஆள் யாரும் வேலை செய்யவில்லை.

பாய் அந்தக் கம்பிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, இது நின்னு ரொம்ப நாளாச்சு என்றார்.

சேர்க்கைப் பிரிவில் இருந்த அம்மையார் எங்களை மரியாதையாக உட்காரவைத்தார். காபி வரவழைத்தார். நல்ல தமிழ் பேசினார். பினாங்கில் முதல் வருடம் படிப்பது மாணவர்களின் பார்வையை விரிவாக்கும், எல்லோருக்கும் இந்த வாய்ப்பு கிடைக்காது என்றார். பாய் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, எங்க பொண்ணு இங்கயே முதல் வருஷம் படிக்கலாங்களா என்று கேட்டார். முடியாது, இங்கே முதல் வருட இடங்கள் நிரம்பிவிட்டன, பினாங்கு வேண்டாம் என்றால் இடமே ரத்தாகிவிடும் என்றார் அம்மையார்.

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நிரம்பிடுச்சுன்னா எம் பொண்ணு அதுக்குள்ள எப்பிடிம்மா வந்தா? அவ மார்க்கு கம்மிங்களே?"

அந்த அம்மையார் சிரித்தார். ஒவ்வொரு மாணவருக்கும் எது பொருத்தம் என்று குழு ஆராய்ந்து முடிவு செய்கிறது, மதிப்பெண் மட்டும் அளவுகோல் இல்லை என்றார். வேறு என்ன அளவுகோல் என்று அப்பா கேட்டார். பல இருக்கின்றன என்று பதில் வந்தது. அதற்கு மேல் அம்மையார் பிடி கொடுக்கவே இல்லை.

பினாங்கில் படித்துவிட்டுத் திரும்பிய மாணவி யாரையாவது பார்க்கலாமா என்று பாய் கேட்டார். முதல் அணியே இப்போதுதான் அங்கே இருக்கிறது, அடுத்த மாதம் திரும்புவார்கள் என்றார். அதாவது, அதுவரை ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. என் தோழி அப்போதுதான் முதல் தடவையாக என் கையைப் பிடித்தாள்.

இரண்டாம் வருடம் இங்கே இடம் உண்டு என்று எழுதித் தரச் சொல்லலாம் என்பது அப்பாவின் யோசனை. அம்மையார் தயங்காமல் டைப்பிஸ்டைக் கூப்பிட்டுச் சொன்னார். கடிதம் வந்தது. அதில் 'இடவசதியைப் பொறுத்து' என்று ஒரு சொல் இருந்தது. அப்பா விரலை அதன் மேல் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அம்மையார் அதை எடுத்துவிட்டு மறுபடி டைப் செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இவ்வளவு சுலபமாக எடுத்துவிட்டார்களே என்று பஸ்ஸில் திரும்பும்போது அதுவும் அப்பாவுக்குச் சந்தேகமாகிவிட்டது.

பாய் பினாங்குச் சொந்தக்காரரை டிரங்க் கால் போட்டு போனில் பிடித்தார். அவர் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்ன செய்தி இதுதான்: கல்லூரி இருக்கிறது, கடைகளுக்கு மேலே மாடியில் நடக்கிறது, பாடம் சொல்கிறார்கள், பெண்கள் தனி வீட்டில் ஒரு தமிழ் அம்மாவின் பொறுப்பில் இருக்கிறார்கள், எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் ஊருக்கு எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்டதற்கு ஆளுக்கொரு மாதம் சொன்னார்கள்.

இதைக் கேட்ட பிறகு பாய் மகளை அனுப்ப மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண் சேலத்தில் விடுதியில் தங்கினாலே அன்றைக்குப் பேச்சாகும். ஆனால் தோழி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்றும், நான்காம் நாள் பாய் பாஸ்போர்ட் எடுக்க மெட்ராஸுக்குப் போகிறார் என்றும் கேள்விப்பட்டேன். எங்கப்பாவிடம் அவர் சொன்ன சமாதானம், அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்பதுதான். என்னை அப்பா அனுப்பியதற்கும் அதே காரணம்தான். ஓசூர் வரை அவருக்கு பஸ் இலவசம். எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

வந்தும் பார்த்தார். சொல்லாமல்தான் வருவார். சிலசமயம் விடுதி வாசலில் நிற்பார், சிலசமயம் மெஸ் பின்பக்கம். இரண்டு பேருக்கான அறையில் மூன்று பேர் இருந்தோம். அதையும் பார்த்தார். மேல்தளத்துக் கம்பிகளை மட்டும் ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்ப்பார்.

பினாங்கிலிருந்து தோழியின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. விடுதிக்கு வந்தவற்றைவிட எங்கள் வீட்டு முகவரிக்கு வந்தவை அதிகம். நான் விடுமுறைக்கு வரும்போது அம்மா எடுத்துத் தருவாள். எல்லாம் நன்றாக இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது, கடற்கரை அழகாக இருக்கிறது, ஆசிரியர்கள் அன்பானவர்கள். பள்ளியில் அவள் வெயிலைப் பற்றிக் குறை சொல்வாள், மழையைப் பற்றியும் குறை சொல்வாள். அவள் கடிதம் முழுக்க ஒரு குறைகூட இல்லாதது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைக்கிறார்களா என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு முன்பே தோன்றியிருந்தது.

இதற்கிடையில் முதல் அணி திரும்பி வந்தது. சொன்னபடி வந்தார்கள், சொன்னபடி இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் மற்றவர்களோடு சேர்க்கவில்லை. நூலகத்துக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கட்டடத்தில் தனி வகுப்பு. 'பினாங்கு செட்' என்று அவர்களுக்குப் பெயர். மார்க் இல்லாதவர்கள், காசு கொடுத்துச் சுற்றுவழியாக உள்ளே வந்தவர்கள் என்று மெஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அப்படித்தான் என்று அடித்துச் சொன்னவர்களில் எங்கள் சீனியர் ஒருத்தியும் உண்டு. அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். எல்லாருக்கும் தெரியும் என்றாள்.

அடுத்த வருடம் தோழி வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். ஆங்கிலம் வேகமாகப் பேசினாள். அவளையும் ஆஸ்பெஸ்டாஸ் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வந்த முதல் வாரமே மெஸ்ஸில் அந்த சீனியர் அவள் எதிரில் உட்கார்ந்து, உங்கப்பா எவ்வளவு கொடுத்தார் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். தோழி தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தன் பிளஸ் டூ மார்க்கைச் சொன்னாள். சீனியர் நம்பவில்லை. அவ மார்க் என்னுதவிட அதிகம், ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல் என்று நான் சொன்னேன். சீனியர் என்னையும் சேர்த்து ஒரு பார்வை பார்த்தாளே தவிர, அதற்குப் பிறகும் நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் தைல மரங்கள் பக்கம் நடந்தோம். கடிதங்களைப் பற்றி நான் கேட்டுவிட்டேன். யார் எழுதவைத்தார்கள் என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. நானேதான் எழுதினேன்."

"ஒரு குறைகூட இல்லியே?"

"ஒனக்கு எழுதினா ஒங்கப்பா படிப்பாருன்னு எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை எழுதினாப் போதும், நேரா எங்க கடையில போய் நிப்பாரு. எங்கத்தா அடுத்த பிளேன்ல என்னைய இட்டுக்கினு வந்துடுவாரு."

பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் இரண்டு மாதம் கணக்குக்கு ஆசிரியரே இல்லை. பெண்கள் வீட்டை அந்த அம்மா சாயங்காலம் ஆறு மணிக்கே வெளியிலிருந்து பூட்டிவிடுவார். மஞ்சள் காமாலை வந்து இவள் மூன்று வாரம் படுத்திருக்கிறாள். மளிகைக்கடைச் சொந்தக்காரர் பார்க்க வந்தபோது, ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறாள். அவரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் படுத்திருந்தாலும், யாரும் ஊருக்கு எழுதியதில்லையாம். எல்லா வீட்டிலும் இதே மாதிரி அப்பாக்கள்தான் என்றாள்.

நானும் அப்பாவும் ஒரு வருடம் முழுக்க அந்தக் கல்லூரியைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். எங்களுக்குப் பயந்துகொண்டு அவள் காமாலையோடு தனியாகக் கிடந்திருக்கிறாள். திரும்பி நடந்தோம்.

அப்புறம் ஏன் இருந்தாய் என்று விடுதி வாசலில் கேட்டேன்.

"காலையில கடல் தெரியற ஜன்னல் ஒண்ணு இருந்துச்சு. பஸ்ஸுல எங்க வேணா நானா போனேன். அதுக்கு முந்தி நான் எங்க தனியாப் போயிருக்கேன்? ஒருவாட்டி ஒங்கூட்டுக்கு வந்தேன், அவ்ளோதான்."

மூன்றாம் வருடம் ஆஸ்பெஸ்டாஸ் கட்டடத்தை மூடி, அவர்களையும் எங்கள் வகுப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். எத்தனையோ பேர் பாதியில் போய்விட்டதால் பெஞ்சுகள் காலியாக இருந்தன. விடுதியின் மேல்தளமும் அந்த வருடம்தான் முடிந்தது. அறை ஒதுக்கும் நாளில் வார்டன் சாவிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே எங்களிடம் பேசினார். நீங்கள் சேர்ந்த வருடம் கட்டில்களுக்குப் பெரிய தட்டுப்பாடு என்றார். அதனால் விண்ணப்பத்தில் அப்பா வியாபாரம் என்று போட்டிருந்தவர்களைப் பினாங்குப் பக்கமும், சம்பளக்காரர் என்று போட்டிருந்தவர்களை இந்தப் பக்கமும் பிரித்தார்களாம். வியாபாரிகளால் விமானச் செலவைத் தாங்க முடியும், மாதச் சம்பளக்காரர்களால் முடியாது. வெளிநாட்டில் சொந்தம் இருந்தால் இன்னும் நல்லது. மார்க்கை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை என்று, பழைய துணியை யாருக்குக் கொடுப்பது என்று பேசுகிற மாதிரி சொல்லிவிட்டு அடுத்த சாவியை எடுத்தார்.

அன்றைக்கு முழுக்க நான் அதையே பேசிக்கொண்டிருந்தேன். தோழி பெட்டியைப் பிரித்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "எதுக்கு அனுப்பினாங்கன்னு ஒனக்குத் தெரியணும். நான் போயிட்டு வந்துட்டேன். விடு" என்றாள்.

விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு மேலாக அவர் தேடிக்கொண்டிருந்த பதில் அது. கேட்டுவிட்டு நிம்மதியாவார் என்று நினைத்தேன். மோவாயைத் தடவிக்கொண்டார்.

"சரி, அந்த வார்டனம்மா எதுக்கு இப்ப அத ஒங்கிட்ட சொன்னாங்க?" என்றார்.

வார்டன் சொன்னது உண்மைதானா, அல்லது அவரும் யாரிடமோ கேட்டதைத்தான் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சில வருடங்களில் பினாங்கு ஏற்பாடு நின்றுபோனது. ஏன் என்று அவர்கள் யாருக்கும் சொல்லவில்லை.

படிப்பு முடிந்து எனக்குப் பாலக்கோட்டில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. தோழி கொஞ்ச நாள் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுக்குப் பினாங்கில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் புறப்படுகிறாள் என்று அப்பாவிடம் சொன்னார். எந்தக் கம்பெனி, யார் மூலமாக, தங்குவது எங்கே என்று அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டார். பாய் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"யாருங்க பாய் அனுப்பறாங்க?" என்றார் அப்பா கடைசியாக.

"யாரும் அனுப்பலீங்க. அவளா எழுதிப் போட்டு வாங்கினா. அவளாப் போறா."

அப்பா இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு பாய் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ ஆறுதுங்க, குடிங்க என்றார்.